டைவர்ஸ் வேண்டாம், சேர்ந்தும் இருக்க முடியவில்லை: சட்டத்தில் வேறு வழி என்ன?

மாடிவீடு

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

கல்யாணமாகி 13 வருடம். பையன் ஆறாவது படிக்கிறான். அவர் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை ஒளிக்க மாட்டார். ஆனாலும் மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சு என்றால் "சிலிண்டர் வந்துச்சா", "ஃபீஸ் கட்டியாச்சா", அவ்வளவுதான். கீழ்வீட்டில் அவரும் மாமியாரும். மாடியில் நானும் பையனும். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. வங்கிக் கடன் இன்னும் 9 வருடம் ஓட வேண்டும்.

டைவர்ஸ் வேண்டாம் என்று இருவருமே நினைக்கிறோம். என் அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சுவலி வந்திருக்கிறது. மாமியாருக்கு 78 வயது, காலைக் காபியை இன்னும் என் கையால்தான் வாங்கிக் குடிக்கிறார். மறுமணம் என்ற எண்ணம் இருவருக்கும் இல்லை. அதற்காக "அப்படியே இருந்துட்டுப் போங்க" என்பதையும் ஏற்க முடியவில்லை. நாளைக்கு ஒன்று என்றால் கையில் ஒரு காகிதமாவது வேண்டாமா?

அவருடைய சித்தப்பா, நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்கிறார். ஆபீஸில் ஒரு மேடம் ஜுடிசியல் செப்பரேஷன் போடச் சொல்கிறார். எது சரி?

தனிமரம்

காகிதம் எதற்கு சகோதரி? நான் 10 வருடமாக ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் தனியாகத்தான் இருக்கிறேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

பழைய பெஞ்ச் கிளார்க்

அது விழுகிற அன்றைக்குத்தான் தெரியும் தம்பி. நான் கோர்ட்டில் 31 வருடம் கட்டுத் தூக்கியவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நூறு ரூபாய்ப் பத்திரம். "இன்றிலிருந்து நாங்கள் கணவன் மனைவி இல்லை" என்று எழுதி, இரண்டு சாட்சி போட்டு, நோட்டரி முத்திரை குத்தினாலும் கல்யாணம் முறியாது. சில சமூகங்களில் ஊர்ப் பஞ்சாயத்து கூடி அத்துவிடும் வழக்கம் உண்டு. அந்த மாதிரி வழக்கத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் எங்கள் ஜாதியில் காலங்காலமாக இது நடக்கிறது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். இந்தப் பத்திரத்தை நம்பி இரண்டாவது தாலி கட்டி, பிறகு இருதார வழக்கில் மாட்டிக்கொண்டு நின்றவர்களை எங்கள் வராந்தாவில் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு மறுமணம் எண்ணமில்லை என்கிறீர்கள், அதனால் அந்த ஆபத்து குறைவு. ஆனாலும் அந்தப் பத்திரம் எதையும் முடித்து வைக்காது.

அடுத்தது ஜுடிசியல் செப்பரேஷன். நீதிமுறைப் பிரிவு என்பார்கள். 1955-ஆம் வருடச் சட்டத்தின் 10-வது பிரிவு. கல்யாணம் அப்படியே இருக்கும், சேர்ந்து வாழ வேண்டிய கடமை மட்டும் நின்றுபோகும். மறுமணம் செய்ய முடியாது. ஜீவனாம்சம், பிள்ளைப் பொறுப்பு எல்லாவற்றையும் அதே வழக்கில் கேட்கலாம். மனசு மாறினால் அந்த ஆணையை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம். கல்யாணமாகி ஒரு வருடம் முடியாமல் டைவர்ஸ் மனு போட முடியாது என்கிற தடை இதற்குக் கிடையாது.

ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆணை வந்து ஒரு வருடத்துக்குள் நீங்கள் மறுபடி சேரவில்லை என்றால், 13(1ஏ) பிரிவில் இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் டைவர்ஸ் கேட்கலாம். நமக்கு வேண்டாம் என்று நீங்கள் இருந்தாலும் அவர் கேட்கலாம். டைவர்ஸே வேண்டாம் என்று இந்த வழிக்கு வருகிறவர்கள் பலருக்கு இது தெரியாது.

மாடிவீடு

நன்றி ஐயா. ஒரு சந்தேகம். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு போய் நின்றால் அந்த ஆணையைக் கொடுத்துவிடுவார்களா?

பழைய பெஞ்ச் கிளார்க்

அங்கேதான் இடிக்கிறது அம்மா. டைவர்ஸுக்குச் சம்மத வழி இருக்கிறது, 13பி. ஆனால் நீதிமுறைப் பிரிவுக்குச் சம்மத வழி என்று சட்டத்தில் தனியாக ஒன்று இல்லை. 1976 திருத்தத்துக்குப் பிறகு டைவர்ஸுக்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இதற்கும். கொடுமை, கைவிட்டுப் போனது, வேறு தொடர்பு, அந்த வரிசை. யாராவது ஒருவர் மற்றவர் மேல் குற்றம் எழுதியாக வேண்டும்.

மாடிவீடு

அவர் கொடுமைக்காரர் என்று எழுதச் சொல்கிறீர்களா? அது பொய். பையன் பெரியவனாகி ஒரு நாள் அந்தக் காகிதத்தைப் படிப்பான்.

கொங்குக்காளை

இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? செக்ஷன் 9 போடுங்க. சேர்ந்து வாழ உத்தரவு வாங்கி வெச்சுக்கிட்டா நாளைக்கு அவர் ஜீவனாம்சம் குடுக்காம தப்பிக்க முடியாது, நீங்களும் நல்ல பேரோட இருக்கலாம்.

பழைய பெஞ்ச் கிளார்க்

பிரிந்து இருக்க வழி கேட்கிற அம்மாவிடம் சேர்த்து வைக்கச் சொல்லி மனுப் போடச் சொல்கிறீர்களே சார்! அந்த உத்தரவை ஒரு வருடம் யாரும் நிறைவேற்றவில்லை என்றால் அதுவும் டைவர்ஸுக்குக் காரணமாகிவிடும். பாதிப் பேர் அதற்காகவேதான் அந்த மனுவைப் போடுகிறார்கள். இன்னொரு பாதி ஜீவனாம்சத்தைத் தடுக்கப் போடுகிறார்கள். "கூப்பிட்டேன், வரவில்லை, அதனால் பணம் கிடையாது" என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு தானாகச் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனைவி வராததற்கு நியாயமான காரணம் இருந்தால், கணவன் கையில் அந்த உத்தரவு இருந்தாலும் ஜீவனாம்சம் உண்டு.

கறுப்புகவுன்

வேலை முடிந்து இப்போதுதான் இழையைப் பார்த்தேன். குடும்ப நல வழக்குகள் நடத்துகிறேன். கிளார்க் ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் மாடிவீடு மேடத்துக்கு உள்ள உண்மையான கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

நீங்கள் சித்தப்பா சொன்னபடி எழுதினாலும், நல்ல வக்கீலை வைத்து எழுதினாலும், ஒரு வரி நிச்சயம் வரும்: "பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழ்கிறோம்." அந்த வரி உங்களுக்கு நல்லதும் செய்யும், கெட்டதும் செய்யும்.

நல்லது முதலில். இரண்டு வருடம் கழித்து "காரணமில்லாமல் என்னைக் கைவிட்டுப் போய்விட்டாள்" என்று அவர் வழக்குப் போட்டால், அந்த வரியைக் காட்டினால் போதும். சம்மதித்துப் பிரிவது கைவிடுதல் ஆகாது.

கெட்டது என்னவென்றால், மாஜிஸ்திரேட்டிடம் ஜீவனாம்சம் கேட்கிற பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 என்றுதான் எல்லோரும் சொல்வோம், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தில் (பிஎன்எஸ்எஸ்) அது 144. அதன் நான்காவது உட்பிரிவு, பரஸ்பர சம்மதத்தின் பேரில் தனியாக வாழ்கிற மனைவிக்கு அந்த வழியில் ஜீவனாம்சம் கிடையாது என்கிறது. நல்ல மனசோடு எழுதிய ஒரு வரி, அவசரத்துக்கு இருக்கிற எளிய கதவை மூடிவிடும். நீங்கள் சம்பாதிப்பதால் இன்று அது பெரிய விஷயமாகத் தெரியாது. வேலை போனால்? உடம்பு படுத்துவிட்டால்?

அதனால் எழுதுவதாக இருந்தால், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில், வருடத்துக்கு எவ்வளவு உயரும் என்பதை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இன்று தேவையில்லை என்றால், எந்தச் சூழ்நிலையில் தேவைப்படும் என்றாவது எழுதுங்கள். "எக்காலத்திலும் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்" என்ற வரியை மட்டும் யார் சொன்னாலும் போடாதீர்கள். பையனுடைய ஜீவனாம்சம் தனி. நீங்கள் இருவரும் என்ன எழுதிக்கொண்டாலும் அது பிள்ளையின் உரிமையைக் கட்டாது.

இரண்டாவது சாவி

என் கதை வேறு மாதிரி. ஆனால் இந்த இழையை என் நிலைமையில் இருப்பவர்களும் படிப்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டில் அடி உண்டு. நான் டைவர்ஸும் போடவில்லை, நீதிமுறைப் பிரிவும் போடவில்லை. 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுத்தேன். அடிக்கக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் எனக்கும் குழந்தைகளுக்கும் ஒரு பகுதி என்று குடியிருப்பு உத்தரவு, மாதச் செலவு, மூன்றும் ஒரே மனுவில். வீடு மாமனார் பெயரில்தான் இருக்கிறது. முதலில் போன வக்கீல், "மாமனார் சொத்தில் உங்களுக்கு இருக்க உரிமை இல்லை" என்று சொல்லி என் பாதி வருடத்தை வீணடித்தார். 2020-லேயே உச்ச நீதிமன்றம், பகிர்ந்து வாழ்ந்த வீடு கணவன் வீட்டார் பெயரில் இருந்தாலும் மருமகள் குடியிருப்பு உரிமை கேட்கலாம் என்று சொல்லிவிட்டது. இலவசச் சட்ட உதவி மையத்தில் கிடைத்த அம்மாதான் அதை எடுத்துச் சொன்னார். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அந்த உதவி உண்டு, எண் 15100.

60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு 14 மாதம் ஆனது. ஆனாலும் இன்று என் அறைக்கு என் பூட்டு, என் சாவி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிந்து வாழ்கிற மனைவியோடு கணவன் அவள் சம்மதமில்லாமல் உடலுறவு கொண்டால் அது குற்றம், 2 வருடத்துக்குக் குறையாத தண்டனை. கோர்ட் ஆணை இருந்துதான் பிரிந்திருக்க வேண்டும் என்றில்லை.

கறுப்புகவுன்

சாவி அக்கா சொன்ன கடைசி விஷயம் பிஎன்எஸ், அதாவது பழைய ஐபிசி-க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டத்தின் 67-வது பிரிவு. பலருக்குத் தெரியாது. எழுதியதற்கு நன்றி.

முத்துநகர்

கிறிஸ்தவர்களுக்கு நீதிமுறைப் பிரிவு என்றால் 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டத்தில் 22-வது பிரிவு. கத்தோலிக்கக் குடும்பங்களில் இதைத் தேடி வருவார்கள், ஏனென்றால் திருச்சபை டைவர்ஸை ஏற்காது, ஆனால் பிரிந்து வாழ்வதை ஏற்கும். அதில் ஒரு விசேஷம் உண்டு. ஆணைக்குப் பிறகு மனைவி சம்பாதிக்கிற சொத்து விஷயத்தில் அவரைத் திருமணமாகாதவர் போலவே சட்டம் நடத்தும். உயில் இல்லாமல் இறந்தால் கணவன் முன்னாலேயே இறந்துவிட்டது போலக் கணக்கு. மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயம் "இந்தத் திருமணம் செல்லாது" என்று கொடுக்கிற கடிதம் கோர்ட்டில் செல்லாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கறுப்புகவுன்

அந்த விசேஷம் இந்து திருமணச் சட்டத்தில் இல்லை. அதனால்தான் தனிமரம் அவர்களிடம் ஒரு கேள்வி. உயில் எழுதிவிட்டீர்களா?

தனிமரம்

இல்லை. எதற்கு? எனக்கு ஒரு காலி மனையும் ஒரு பைக்கும்தான். பிள்ளைகள் இல்லை. எல்லாம் என் தங்கைக்குத்தான். அவள்தானே பத்து வருடமாக எனக்குச் சோறு போடுகிறாள்.

கறுப்புகவுன்

உங்கள் அம்மா இருக்கிறார்களா?

தனிமரம்

இல்லை. தவறிப் போய் நான்கு வருடம் ஆகிறது.

கறுப்புகவுன்

அப்படியானால் நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆனால் மனையும் பைக்கும் முழுக்க உங்கள் மனைவிக்குத்தான். தாசில்தார் கொடுக்கிற வாரிசுச் சான்றில் அவர் பெயர் வரும், தங்கை பெயர் வராது. பத்து வருடம் பிரிந்திருந்தாலும் சரி, நீதிமுறைப் பிரிவு ஆணையே வாங்கியிருந்தாலும் சரி, கல்யாணம் நிற்கிற வரை அவர்தான் முதல் வகுப்பு வாரிசு.

பெண்களுக்கு இன்னும் மோசம். மாடிவீடு மேடம், நீங்கள் உயில் எழுதாமல் இருந்தால் உங்கள் பங்கு பையனுக்கும் கணவருக்கும் சமமாகப் போகும். பிள்ளை இல்லாத பெண்ணாக இருந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்தது கணவனுக்கு, கணவன் இல்லையென்றால் கணவனுடைய வாரிசுகளுக்கு. பெற்ற அம்மா அப்பா அதற்குப் பிறகுதான். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சி போதும். இத்தனை மலிவான காகிதத்தை எழுதாமல் இருக்கிறார்களே என்று எனக்கு எப்போதும் வருத்தம்.

தனிமரம்

நான் முதலில் எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். சனிக்கிழமை தங்கையைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

பழைய பெஞ்ச் கிளார்க்

உயிலில் பயனடைகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள் தம்பி. தங்கை வெளியில் உட்காரட்டும்.

கணக்குப்புலி

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவன். இரண்டு சின்னக் குறிப்பு.

கணவன் மனைவிக்குச் சும்மா ஒரு சொத்தை மாற்றிக் கொடுத்தால் அதில் வருகிற வருமானத்தைக் கணவன் கணக்கிலேயே சேர்த்து வரி போடுவார்கள். ஆனால் பிரிந்து வாழும் ஒப்பந்தத்தின் தொடர்பாகக் கொடுத்தால் அந்தச் சேர்க்கை கிடையாது. அதனால் பத்திரத்தில் அந்தக் காரணத்தை ஒரு வரி எழுத வேண்டும்.

பி.எஃப். விஷயம். பெண் ஊழியர், தன் கணவனைக் குடும்பம் என்ற கணக்கிலிருந்து விலக்கச் சொல்லி ஆணையருக்கு எழுத்து மூலம் கொடுக்கலாம். டைவர்ஸ் ஆணை எல்லாம் தேவையில்லை. இந்த வசதியே பலருக்குத் தெரியாது.

ஸ்கார்பரோ சித்தி

கனடாவில் பிரிவு என்பதற்குக் கோர்ட்டுக்கே போகத் தேவையில்லை. பிரிந்து 90 நாள் ஆனால் வரி அலுவலகத்துக்கு அறிவிக்கிறோம். ஒப்பந்தத்தை எழுத்தில், சாட்சியோடு போட்டால் ஒன்டாரியோவில் அது செல்லும். யார் மேலும் குற்றம் எழுத வேண்டியதில்லை. அங்கே இன்னும் குற்றம் எழுதச் சொல்கிறார்கள் என்பதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

நேர்கோடு

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். மேடம், இருவருக்கும் சண்டை இல்லை, சம்மதம் இருக்கிறது. 13பி தான் சுத்தமான வழி. ஒரு வருடம் பிரிந்திருந்தால் போதும், அதுவும் ஒரே கூரைக்கடியில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் பிரிவுதான் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆறு மாதக் காத்திருப்பையும் 2017 தீர்ப்புக்குப் பிறகு தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்கிறார்கள். அப்பாவுக்காகவும் மாமியாருக்காகவும் சட்டத்தில் அரைக் கதவு தேடுவது உங்களையே ஏமாற்றுவது.

மாடிவீடு

நேர்கோடு சார், நீங்கள் சொல்வது தவறு என்று சொல்ல மாட்டேன். ஒருவேளை ஐந்து வருடம் கழித்து நானே அங்கே வந்து நிற்கலாம். ஆனால் மாமியாரின் காபியை அரைக் கதவு என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இரண்டாவது சாவி

நேர்கோடு, எல்லோருக்கும் ஒரே அவசரம் இருக்காது. அவர் கேட்டது டைவர்ஸ் அல்லாத வழி. அதற்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.

கறுப்புகவுன்

என் யோசனை இதுதான். நீதிமுறைப் பிரிவு உங்களுக்குப் பொருந்தாது, பொய் எழுத வேண்டியிருக்கும். வெறும் ஒப்பந்தம் பலவீனம், ஒருவர் மீறினால் சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். நடுவில் ஒன்று இருக்கிறது. பையனின் பொறுப்பு, அவர் பார்க்கிற நாட்கள், பையனின் செலவு, இவற்றுக்கு மட்டும் 1890-ஆம் வருடக் காப்பாளர் சட்டத்தில் குடும்ப நல நீதிமன்றத்தில் ஒரு மனு. டைவர்ஸ் வழக்கு இல்லாமலே இதைப் போடலாம். சண்டைக்காக அல்ல, போட்ட கையோடு சமரசத் தீர்வு மையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் என்பதே நாட்டில் முதலில் 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது, இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது. அங்கே பேசி எழுதிக் கையெழுத்துப் போடுவது நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்து உத்தரவாகிவிடும்.

வீட்டுக்குத் தனி ஏற்பாடு. ஒருவர் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பதானால், கணவன் மனைவி என்ற உறவு இருக்கும்போதே விடுதலைப் பத்திரமோ செட்டில்மெண்ட்டோ பதிந்தால் குடும்பத்துக்குள்ளான முத்திரைக் கட்டணச் சலுகை கிடைக்கும். டைவர்ஸுக்குப் பிறகு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. ஆனால் வங்கியை உங்கள் ஏற்பாடு கட்டாது. கடன் பத்திரத்தில் இருவர் கையெழுத்தும் இருக்கிற வரை தவணை நின்றால் இருவரையும் தேடி வருவார்கள். முதலில் வங்கியிடம் பேசுங்கள், பிறகு பத்திரம்.

மாடிவீடு

ஐந்து மாதம் கழித்து வருகிறேன். கேட்டவர்களுக்காக.

மனுப் போட்டோம். சமரச மையத்தில் நான்கு அமர்வு. முதல் அமர்வில் அவர் பேசவே இல்லை. இரண்டாவதில், பையனின் நீச்சல் வகுப்புக்கு யார் கூட்டிப் போவது என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினார். மூன்று வருடத்தில் எங்களுக்குள் நடந்த மிக நீளமான பேச்சு அதுதான். சமரசம் செய்கிற அம்மா எங்களைச் சேர்த்து வைக்க ஒரு தடவை முயன்றார், இல்லை என்றதும் விட்டுவிட்டார்.

பையன் என்னோடு, வார இறுதி கீழ்வீட்டில், பள்ளிச் செலவு பாதிப்பாதி என்று உத்தரவு வந்துவிட்டது. எனக்கு வேலை போனால் அவர் மாதம் எவ்வளவு தருவார் என்பதையும் எண் போட்டு எழுத வைத்தேன். கறுப்புகவுன் மேடத்துக்கு நன்றி. இருவரும் உயில் எழுதிவிட்டோம். பி.எஃப். கடிதம் அனுப்பியாயிற்று. வங்கி இன்னும் இழுக்கிறது, வீட்டுக் கடனை ஒருவர் பெயருக்கு மாற்ற என் சம்பளம் போதாது என்கிறார்கள், அதனால் விடுதலைப் பத்திரம் அப்படியே நிற்கிறது.

பத்திர எழுத்தர் வரைவு தயாரிக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். "உங்க பேருக்கு முன்னால க/பெ போடவா, த/பெ போடவா?" நான் யோசிப்பதற்குள் அவர் பக்கத்திலிருந்து "க/பெ தான், சட்டப்படி இன்னும் அப்படித்தானே" என்றார். எழுத்தர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டைப் அடித்தார்.

பழைய பெஞ்ச் கிளார்க்

உத்தரவின் சான்றிட்ட நகல் வாங்கினீர்களா அம்மா? இரண்டாக வாங்குங்கள். ஒன்று மாடியில், ஒன்று கீழே.